இலைக் கணக்கு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

சென்ற ஆண்டு நம் துறையின் பிரிவு உபசார விருந்து நடந்த அன்று விடுதியில் நான்கு பேருக்குக் காய்ச்சல். நால்வருக்கும் ஒரே நாளில் வந்து, மறுநாள் காலையில் ஒரே நேரத்தில் விட்டுப்போன அதிசயக் காய்ச்சல் அது. மருத்துவக் கல்லூரிக்காரர்கள் ஆராய வேண்டிய நோய்தான். ஆனால் அந்த நால்வரில் நானும் ஒருவன் என்பதால் நோயின் காரணத்தை நானே சொல்லிவிடுகிறேன். விருந்துக் கட்டணம் தலைக்கு 450 ரூபாய்.

விருந்து மிக நன்றாக இருந்ததாம். வெள்ளை உறை மாட்டிய நாற்காலிகள், அவற்றின் முதுகில் ரிப்பன் முடிச்சு, மேசைக்கு மேசை செயற்கை ரோஜா, ஆவி பறக்கும் பாத்திரங்களின் வரிசை, அதன் முன்னே கையில் தட்டேந்தி நின்ற நம் மூன்றாம் ஆண்டு அண்ணன்களும் அக்காக்களும். படங்களைப் பிறகு கைப்பேசியில் பார்த்தேன். எல்லாரும் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குப் பொறாமை இல்லை என்று எழுதினால் அது பொய்.

எளியவனுக்கு எதற்கு அலங்காரம், வயிறு நிறைந்தால் போதாதா என்று கேட்கும் கட்சியைச் சேர்ந்தவன் அல்லன் நான். சோறு போடுவது ஒன்று. சோற்றை மதிப்போடு போடுவது வேறொன்று. வள்ளுவர் விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரம் ஒதுக்கி, விருந்தாளியின் மனத்தை அனிச்ச மலரினும் மென்மையானதாகக் காட்டியிருக்கிறார். ஆகவே விருந்து அழகாக இருக்கத்தான் வேண்டும். அந்த அழகுக்கு 450 ரூபாய் வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. வேண்டாம் என்று எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றில் கற்றுக்கொண்டேன். அதே விசேஷத்தில் இன்னொன்றையும் கற்றுக்கொண்டேன். அது அவ்வளவு பெருமைக்குரியதன்று. இரண்டையும் சொல்கிறேன்.

என் ஊர் பூண்டி. ஊர்ப் பெயரைச் சொன்னதும் விடுதியில் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் நண்பர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி: கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. இனி மூக்கைப் பிடிப்பவர்கள் மரியாதையோடு பிடிக்கவும். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று பஸ் வளைந்து வளைந்து சென்று, பயணிகளில் பாதிப் பேர் தூங்கிய பிறகு வரும் மேல்மலை ஊர் அது. பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் இவைதாம் எங்கள் பிழைப்பு. விலை கிடைத்த ஆண்டில் நாங்கள் விவசாயிகள். கிடைக்காத ஆண்டில் கடன்காரர்கள்.

அப்படிக் கிடைக்காத ஓர் ஆண்டில்தான் அக்காவுக்கு நிச்சயம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கீழ்நாட்டுக்காரர்கள். மாலையில் தட்டு மாற்றி, இருட்டும் நேரத்தில் விருந்து. எங்கள் உறவும் அவர்கள் உறவுமாக 140 பேர். "டவுன்ல சொன்னா அவனே வந்து மேசை, துணி, பூ எல்லாம் வச்சு பஃபே போட்டுருவான். நமக்கும் கவுரவம்" என்றார் சித்தப்பா. விசாரித்ததில் தட்டுக்கு 280 ரூபாய். 280ஐ 140ஆல் பெருக்க இளம் அறிவியல் பட்டம் தேவையில்லை. 39,200. அப்பா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்ப் பரண்மேல் காய்ந்துகொண்டிருந்த விதைப் பூண்டைப் பார்த்துவிட்டு வந்தார். விதைப் பூண்டை விற்றால் அடுத்த போகத்துக்கு மண்ணில் எதை ஊன்றுவது?

"நான் பாத்துக்கிறேன் சித்தப்பா" என்று அப்போது வாய்விட்டது நான்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் என்பதால் என் பேச்சை உடனே நம்பிவிடுகிறார்கள். அதில் உள்ள ஆபத்து அவர்களுக்கு இன்னும் தெரியாது.

முதல் சிக்கல் இலை. உறைபனி விழும் எங்கள் மேல்மலையில் வாழை பிழைக்காது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு எனக் கீழ்மலைக்கு இறங்கினால்தான் வாழைத் தோட்டம். ஆகவே வத்தலக்குண்டிலிருந்து நுனி இலை 140 வரவழைத்தேன். நனைத்த சாக்கில் சுற்றி, இரண்டு பஸ் மாறி வந்து சேர்ந்த இலைகள். இலை ஒன்றுக்கு 6 ரூபாய், சுமைக் கூலி 100 ரூபாய். வாழை இலையின் நரம்புகள் நடு நரம்பிலிருந்து இருபுறமும் இணையாக ஓடுவதால் முரட்டுத்தனமாகப் பிரித்தால் கோடு கோடாகக் கிழிந்துவிடும். இது தாவரவியல் நண்பன் சொன்னது. அதனால் இலைக் கட்டைச் சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கவில்லை.

அடுத்து மேசை. மேசை என்ற சொல்லே போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. பஃபே என்பது பிரெஞ்சுக்காரர்களின் சொல். பொருளும் நம்மிடம் இல்லை, சொல்லும் நம்முடையதில்லை. இருந்தாலும் கீழ்நாட்டுப் பெரியவர்கள் மேல்மலைக் குளிரில் தரையில் உட்கார முடியாது. காய்கறி ஏற்றும் பெட்டிகளை இரண்டிரண்டாக அடுக்கி, மேலே பலகை போட்டோம். ஊர் முழுக்கக் கேட்டு வாங்கிய விசிப்பலகைகள் இருக்கையாயின. பெட்டிகளின் ஏழ்மை தெரியாதிருக்க அம்மாவும் அத்தைகளும் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலைகளை விரித்தேன். ஊதா, மிளகாய்ச் சிவப்பு, மஞ்சள் என்று மூன்று நிறம். புள்ளி புள்ளியாகச் சுங்குடி, அதன்மேல் பச்சை இலை. அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு, வெள்ளைத் துணியும் செயற்கை ரோஜாவும் எப்படி அலங்காரம் என்று பெயர் வாங்கின என்பது எனக்கு விளங்கவேயில்லை.

பூவுக்கு ஒரு பைசா செலவில்லை. ஓடையோரம் கேட்பாரற்றுக் கிடந்த வெள்ளை லில்லியும், பாறை இடுக்கிலிருந்து பெரணி இலையும் பறித்து வந்து பித்தளைச் செம்புகளில் வைத்தோம். செம்பின் உயரத்தில் மட்டும் கவனம் வேண்டும். எதிரில் இருப்பவர் முகத்தை மறைக்கும் பூ அலங்காரமில்லை, தடுப்புச் சுவர். வெளிச்சத்துக்கு 60 அகல் விளக்குகள், ஒன்று 3 ரூபாய். மின்சாரம் எங்கள் ஊரில் மேகம் பார்த்து நடந்துகொள்ளும் என்பதால் அகல் விளக்கு அலங்காரமும் ஆயிற்று, முன்னெச்சரிக்கையும் ஆயிற்று. பிளாஸ்டிக் குவளை அரவே வேண்டாம் என்றேன். 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை என்பது ஒரு காரணம். வெந்நீரை ஊற்றினால் குழைந்துபோகும் அந்தக் குவளையை மனிதன் உதட்டில் வைப்பது எனக்குப் பிடிக்காது என்பது மற்றொரு காரணம். எவர்சில்வர் டம்ளரில் சீரகம் கொதித்த வெந்நீர். குளிரில் வந்து உட்கார்ந்தவர்கள் முதலில் டம்ளரை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்கள். வரவேற்புரையே தேவைப்படவில்லை.

1845இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியபோது அவர்களுடைய மேசை வழக்கமும் மலையேறியிருக்கும் என்று நினைக்கிறேன். அந்த வழக்கத்தைப் பற்றி நம் நூலகத்தில் ஒரு புத்தகத்தில் படித்தேன். முள்கரண்டி இடப்பக்கம், கத்தி வலப்பக்கம், கத்தியின் வெட்டும் பக்கம் தட்டை நோக்கி, வெளிப்புறக் கரண்டியை முதலில் எடுக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள். படித்தபோது மலைத்தேன். பிறகு யோசித்தால், நம் பாட்டிமார்களிடம் இருக்கும் விதிகள் எந்த வகையில் குறைவு? நுனி உண்பவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும். அகன்ற பக்கம் சோறு பிசையும் வலக்கைக்கு. நடு நரம்புக்கு மேலே உப்பு, ஊறுகாய், பொரியல், கூட்டு. கீழே சோறு. குழம்பு, ரசம், மோர் என்ற வரிசை மாறக் கூடாது. சாப்பிட்டு முடித்தால் இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும். மேல்நாட்டு மேசையில் ஆறு கருவிகளைத் துடைத்து அடுக்கினால் கிடைக்கும் ஒழுங்கு, நம்மிடம் ஓர் இலைக்கும் ஐந்து விரலுக்கும் அடங்கிவிடுகிறது. கழுவும் வேலையும் இல்லை; மீந்ததை மாடு பார்த்துக்கொள்ளும்.

அன்று இலையில் விழுந்தவை எல்லாம் பெரும்பாலும் எங்கள் மண்ணில் விளைந்தவை. செம்மஞ்சளாய்க் கேரட் பொரியல், பச்சைப் பட்டாணி போட்ட உருளைக்கிழங்கு, வெளுப்பாய் முட்டைக்கோஸ் கூட்டு, கருஞ்சிவப்பாய்ப் பூண்டுக் குழம்பு. நிறங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. பந்திக்கு 28 பேர், ஐந்து பந்தி. என் வயது மச்சான்களும் தம்பிகளும் ஆறு பேர் பரிமாறினோம். சமையல் கொட்டகையிலிருந்து நேராக இலைக்கு வந்ததால் சோறு ஆறவில்லை. இதுவே பஃபேயாக இருந்திருந்தால் வரிசையின் கடைசி ஆள் தட்டோடு உட்காருவதற்குள் மேல்மலைக் காற்று குழம்பைக் கெட்டியாக்கியிருக்கும்.

மாப்பிள்ளையின் பெரியம்மா கை கழுவிவிட்டு வந்து, "தம்பி, பெரிய ஓட்டல்ல எல்லாம் சாப்பிட்டிருக்கேன்ப்பா. இப்படி உக்காந்து நிம்மதியாச் சாப்பிட்டதில்ல" என்றார். சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார், ஆனால் சிரித்துக்கொண்டே. இரவே நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். இலை 840, கூலி 100, அகல் 180, எண்ணெய் திரி 200, பாத்திர வாடகை 1,600, அரிசி மளிகை பால் 14,500. ஆக மொத்தம் 17,420 ரூபாய். மிச்சம் 21,780. விதைப் பூண்டு பரணிலேயே இருந்தது.

இத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் நானும் ஒரு வெற்றிவீரனாக இந்த மலரில் காட்சி தந்திருப்பேன். ஆனால் நோட்டை மூடிவிட்டுச் சமையல் கொட்டகைக்குப் போனேன்.

அங்கே அம்மா, அத்தைகள், பக்கத்து வீட்டு அக்காமார்கள் என்று பதினொரு பேர் அடுப்படியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் இலை இல்லை. மூன்று பேர் ஒரு தாம்பாளத்தில். இரண்டு பேர் பாத்திரத்தின் மூடியில். கேரட் முடிந்துவிட்டது, பாயசம் முடிந்துவிட்டது. ரசமும் அப்பளத் தூளும். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டியவர்கள் இரவு ஒன்பதரைக்கு முதல் கவளம் எடுக்கிறார்கள். சற்றுத் தள்ளி, மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிவந்த வேன் டிரைவர் நின்றபடியே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இலை எங்கம்மா?" என்றேன்.

"நீதானேப்பா எண்ணி வாங்கின" என்றார் அம்மா. குறையாகச் சொல்லவில்லை. என் கணக்கின்மேல் அவ்வளவு நம்பிக்கை. எண்ணித்தான் வாங்கியிருப்பான், நமக்கு இலை கிடையாது போலும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

நண்பர்களே, நான் எண்ணியது அழைப்புப் பட்டியலை. 140 தலை, 140 இலை. பரிமாறிய எங்கள் ஆறு பேருக்குக்கூட ஐந்தாம் பந்தியில் இடம் ஒதுக்கியிருந்தேன். சமைத்த பதினொரு தலைகளும் வண்டியோட்டிய ஒரு தலையும் என் பட்டியலிலேயே இல்லை. சரி, மறதி என்று வைத்துக்கொள்வோம். ஆனால் நோட்டைத் திரும்பப் புரட்டியபோது இன்னொன்று தெரிந்தது. சமையல் கூலி என்று ஒரு வரியே அதில் இல்லை. பதினொரு பேர் பதினேழு மணி நேரம் உழைத்ததை எழுத ஓர் இடம்கூட நான் விட்டிருக்கவில்லை. நான் மிச்சப்படுத்தியதாகப் பெருமைப்பட்ட 21,780 ரூபாயில் பெரும்பகுதி அவர்களுடையது. சமன்பாட்டில் ஓர் உறுப்பை விட்டுவிட்டு, விடைக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டிருக்கிறேன்.

பந்தி நம் மண்ணின் பெருமை என்று மேடையில் பேசுவது எளிது. அதே பந்தியில் யார் முன்னே, யார் பின்னே, யாருக்கு இடமே இல்லை என்பதற்கு இந்த மண்ணில் நெடுங்கதை உண்டு. சேரன்மாதேவிக் குருகுலத்தில் பிராமண மாணவர் இருவருக்குத் தனியே உணவிட்டதை எதிர்த்து வரதராசலு நாயுடுவும் பெரியாரும் 1920களில் எழுப்பிய குரல் தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே மாற்றியது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1867இல், வள்ளலார் வடலூரில் தருமச்சாலை தொடங்கி, பசி என்று வந்தவர் யாராயினும் சோறு என்றார். அவர் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. சீக்கியர்களின் கோயில்களில் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்பதைப் 'பங்கத்' என்கிறார்கள். நம் 'பந்தி'யும் அந்தச் சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பேரறிஞர் அண்ணாவின் நினைவு நாளில் நம் கோயில்களில் பொது விருந்து நடப்பதை நாம் அறிவோம். இவ்வளவும் தேர்வுத் தாளில் எழுதத் தெரிந்த நான், என் தாயின் இலையை எண்ண மறந்தேன். சமையற்கட்டுக்குள் மட்டும் எந்தச் சீர்திருத்தமும் குனிந்து நுழைய மறுக்கிறது போலும்.

மறுநாள் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட போடா, விருந்தாளி சாப்பிட்டாப் போதாதா? இலையில சாப்பிட நாங்க என்ன சம்பந்தி வீடா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ளத்தான் காலங்காலமாக நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது நம் துறைக்கு வருகிறேன். இந்த ஆண்டும் பிரிவு உபசார விருந்து வரும். மீண்டும் ஓட்டல், மீண்டும் ரிப்பன், மீண்டும் விடுதியில் காய்ச்சல். இதற்கு மாற்றாக ஒரு யோசனையை ஆசிரியப் பெருமக்கள் முன்பும் நண்பர்கள் முன்பும் வைக்கிறேன்.

நம் துறை வராந்தா நீளமானது, மழைக்கும் பயமில்லை. பெஞ்சும் டெஸ்க்கும் நம்மிடம் ஏராளம். தரையில் உட்கார விரும்புவோர் உட்காரலாம், முழங்கால் ஒத்துழைக்காத பேராசிரியர்களுக்குப் பெஞ்சு. வீட்டுக்கு ஒரு சேலை கொண்டுவந்தால் மேசை விரிப்பாயிற்று. கல்லூரித் தோட்டத்தில் அனுமதி பெற்றுப் பறிக்கும் பூ போதும். மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வக உதவியாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள், காவலாளி, சமைப்பவர்கள் என்று எல்லாரையும் சேர்த்து 150 பேர் என்று வைத்துக்கொள்வோம். அரிசி, மளிகை, காய்கறி 13,000. இலை 900. பாத்திர வாடகை 1,500. விளக்கும் எண்ணெயும் 400. சமையல் கூலி, நான்கு பேருக்குத் தலைக்கு 800 வீதம், 3,200. இந்தக் கடைசி வரியை இந்த முறை முதலிலேயே எழுதிவிட்டேன். மொத்தம் 19,000. தலைக்கு 127 ரூபாய்கூட வரவில்லை. காய் நறுக்குவதும் பரிமாறுவதும் நாம். நறுக்குவது மாணவியர், பரிமாறுவது மாணவர் என்று பழைய பாகப்பிரிவினை வேண்டாம். வெங்காயம் எல்லாக் கண்ணையும் ஒன்றுபோல்தான் எரிக்கும்.

அந்த 127 ரூபாயையும் பெயர் எழுதி, கையெழுத்து வாங்கி வசூலிக்க வேண்டாம். துறை வாசலில் பூட்டிய உண்டியல் ஒன்று ஒரு வாரம் இருக்கட்டும். இயன்றவர் கூடுதலாகப் போடுவர், இயலாதவர் போடாமல் கடப்பர். யார் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. குறைந்தால் என்ன செய்வது என்று நண்பன் ஒருவன் கேட்டான். குறைந்தால் பாயசத்தை விட்டுவிடலாம். பாயசம் இல்லாத விருந்தில் ஆள் குறைவதில்லை. கட்டணம் போட்ட விருந்தில் குறைந்ததை நான் படுக்கையில் கிடந்து பார்த்தவன்.

படத்தில் நன்றாக இருக்குமா என்றும் ஒருவர் கேட்டார். மாலையில் அகல் ஏற்றி ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

பூண்டியிலிருந்து பூண்டும் கேரட்டும் நான் கொண்டுவருகிறேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் மூட்டை ஏற்றினால் சனிக்கிழமை காலையில் இங்கே இருக்கும். இலைக்கு வத்தலக்குண்டு, நிலக்கோட்டைப் பக்கத்து நண்பர் யாராவது பொறுப்பேற்க வேண்டும். எண்ணும் வேலையை மட்டும் தயவுசெய்து என் ஒருவனிடம் ஒப்படைக்காதீர்கள். இரண்டு பேராக எண்ணுங்கள், சமையல் கொட்டகையிலிருந்து தொடங்கி.